மீன் விடுவது கடைசி வேலை

வாசகர் கேள்வி–பதில்: தூண்டில் மன்றங்களும் குளச் சீரமைப்பும்

கேள்வி: எங்கள் தூண்டில் மன்றத்தின் குளத்தை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. ஒரே நாளில் முழுவதற்கும் களைக்கொல்லி அடித்தோம். ஐந்தாம் நாள் விடியற்காலையில் பெரிய மீன்கள் செத்து மிதந்தன. மருந்தின் விஷம்தான் காரணமா?

பதில்: விஷமாக இருந்தால் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ, சின்னது பெரியது பாராமல் மிதந்திருக்கும். சில நாள் கழித்து, விடியும் நேரத்தில், பெரிய மீன்கள் முதலில் சாகின்றன என்றால் ஆக்சிஜன் பற்றாக்குறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். செத்த கொடி மொத்தமும் ஒரே நேரத்தில் அழுகியது; அழுக வைக்கும் பாக்டீரியா நீரிலிருந்த ஆக்சிஜனை இழுத்துக்கொண்டது. இரவில் பாசி ஆக்சிஜன் தராது, அதுவும் சுவாசிக்கும். அதனால் விடியும்போது அளவு அடிமட்டத்துக்கு வந்துவிடும். வெயில் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் நீர், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான் தாங்கும்.

இன்னும் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தால், பம்பு வைத்துத் தண்ணீரை உயரத்திலிருந்து குளத்திலேயே பீய்ச்சுங்கள். இரவு பத்து மணி முதல் வெயில் ஏறும்வரை ஓட வேண்டும். பகலில் மட்டும் ஓட்டுவதில் பலனில்லை. தீனி போடுவதை நிறுத்துங்கள். செத்த மீன்களை அன்றன்றே எடுத்துக் கரையைவிட்டுத் தள்ளிப் புதையுங்கள்.

அடுத்த முறை மருந்தை விட்டுவிட்டு, கொடியை வாரி எடுங்கள். ஒரு தடவைக்குக் குளத்தின் கால் பங்கு போதும். இரண்டு, மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். வாரியதைக் கரை ஓரத்தில் குவித்தால் அழுகல் சாறு மழையோடு திரும்பக் குளத்துக்கே வரும், சரிவுக்கு அப்பால் கொட்டுங்கள். விதை சேற்றில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும் என்பதால் மாதம் ஒரு முறை கரையைச் சுற்றி வந்து, முளைத்ததைப் பிடுங்கத்தான் வேண்டும். ஒரு ஆக்சிஜன் மீட்டர் வாங்குங்கள். மன்றத்தின் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். நண்பகலில் மேல்மட்டத்தில் அளந்து திருப்திப்படாதீர்கள். விடியும் முன், ஆழத்தில் அளக்க வேண்டும். 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அபாயம்.

கேள்வி: ஒரு ஹெக்டேர் குளத்தில் முழங்கால் அளவு சேறு. உறுப்பினர்களே சேர்ந்து தூர் வாரிவிடலாமா?

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். 30 சென்டிமீட்டர் சேறு என்று வைத்தாலே 3,000 கன மீட்டர். பத்து கன மீட்டர் கொள்ளும் லாரியில் 300 நடை. மண்வெட்டியால் ஆகிற வேலை இல்லை. நீர்நிலைக்கு உரியவரிடம் எழுத்து அனுமதி வாங்கி, நீர் மிகக் குறைந்த காலத்தில், இயந்திரத்தை வைத்துச் செய்யுங்கள். அதுவும் முழுக் குளத்தையும் அல்ல. ஒரு பகுதியை 2 மீட்டருக்குக் குறையாமல் ஆழப்படுத்தினால், கோடையில் மீன் ஒதுங்க அந்த மடுவே போதும். ஓரம் சாய்வாக, ஆழம் குறைந்தே இருக்கட்டும். குஞ்சுகள் வளர்வதும் நாணல் வேர் பிடிப்பதும் அங்கேதான்.

மீன் இருக்கும் நீரில் சேற்றைக் கலக்காதீர்கள். அடியில் அடைபட்ட ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு மேலே கிளம்பும். கறுப்புச் சேறு ஆக்சிஜனைக் குடிக்கும். அழுகிய முட்டை வாடை வந்தால் உடனே வேலையை நிறுத்துங்கள்.

சேறு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் தூர் வாருவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான். நீர் நுழையும் வாயில் ஒரு வண்டல் குழி வெட்டி ஆண்டுதோறும் அதை மட்டும் அள்ளுங்கள். கரையைச் சுற்றி 3 முதல் 5 மீட்டர் அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் விடுங்கள்.

கேள்வி: சுண்ணாம்பு போட்டால் நீர் சுத்தமாகுமா?

பதில்: நீரின் காரத்தன்மை, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் சக்தி, லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைந்திருந்தால் மட்டுமே பலன் தெரியும். அப்போதும் வேளாண் சுண்ணாம்புத் தூள்தான். சுட்ட சுண்ணாம்பு பி.எச். என்ற அமில-கார அளவை ஒரேயடியாக ஏற்றி, நீரிலுள்ள அம்மோனியாவை நஞ்சாக்கி, மீனைக் கொல்லும்.

கேள்வி: மீன்கள் ஒதுங்கக் கிளைகளைப் போட்டோம். தூண்டில்கள் சிக்கி அறுந்ததுதான் மிச்சம்.

பதில்: வீச்சுப் பாதையில் போட்டிருப்பீர்கள். இலையில்லாத காய்ந்த கெட்டிக் கிளைகளை, இரண்டு மீட்டர் நீளத்தில் ஐந்தாறு சேர்த்துக் கட்டி, கல்லைப் பிணைத்து, 1 முதல் 2 மீட்டர் ஆழத்தில் இறக்குங்கள். பச்சை இலையோடு போட்டால் அழுகும். தூண்டில் போடும் இடங்களிலிருந்து பக்கவாட்டில் தள்ளி வைத்து, கரையில் ஒரு கம்பு நட்டு அடையாளம் காட்டுங்கள். நீர்ச்செடிகளை அடியோடு அழித்துவிடாதீர்கள். கெண்டையின் முட்டை அவற்றில்தான் ஒட்டும். விரால் கூடு கட்டுவதும் அவற்றுக்கு நடுவில்தான். குஞ்சுகளைக் காத்து நிற்கும் விராலைத் தூண்டிலில் பிடித்துவிட்டால் அந்தக் கூட்டமே இரையாகிப் போகும்.

கேள்வி: எப்போது புதுக் குஞ்சு விடலாம்?

பதில்: விடியற்கால ஆக்சிஜன் கோடையிலும் தாங்குகிறது, மடு இருக்கிறது, ஒதுங்க இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு. அந்த நீருக்கே உரிய மீனை மட்டும் விடுங்கள்; அயல் மீன் வெள்ளத்தில் வெளியேறினால் திருப்பிப் பிடிக்கவே முடியாது. பையைப் பிரிக்காமல் 15 முதல் 20 நிமிடம் குளத்தில் மிதக்கவிட்டு, பிறகு குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் ஊற்றி, குஞ்சுகள் தாமாகவே நீந்தி வெளியேற விடுங்கள். உடலில் புண்ணோ வெள்ளைப் புள்ளியோ தெரிந்தால் ஒரு குஞ்சைக்கூட விடாமல் பையைத் திருப்பி அனுப்புங்கள்.