நாளுக்கு ஐந்து சிகரெட்: பத்து வருடத்தில் எவ்வளவு?

கேள்வி: ஐயா, எனக்கு 38 வயது. புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன். கையில் கிடைக்கும் சம்பளம் 140,000 ரூபாய். வெள்ளவத்தையில் வாடகை வீடு. மனைவி வேலைக்குப் போவதில்லை, மகள் நாலாம் ஆண்டு படிக்கிறாள். நாளுக்கு ஐந்து சிகரெட் குடிப்பேன். ஒன்றுக்கு 150 ரூபாய் போகிறது. கடனட்டையில் 180,000 நிலுவை, வட்டி 26 வீதம். சேமிப்பு என்று ஒன்றும் இல்லை. சிகரெட்டை விட்டாலே மகளின் படிப்புக்குக் காசு சேர்ந்துவிடும் என்கிறா மனைவி. என்னோடு வேலை செய்யும் ஒருவர், "விடத் தேவையில்லை, அந்தக் கம்பனிப் பங்கை வாங்கிப் போடு, பங்கிலாபத்தில் சிகரெட் காசு வந்துவிடும்" என்கிறார். ஐந்தை ஒன்றாகக் குறைத்தால் போதும் என்பது என் எண்ணம். யார் சொல்வது சரி?

பதில்: தம்பி, மூன்று பேரும் கணக்குப் போட்டிருக்கிறீர்கள், மூன்று பேரும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். பங்கு வாங்கச் சொன்னவரின் கதையை முதலில் முடித்துவிடுவோம்.

ஐந்து சிகரெட் என்றால் நாளுக்கு 750. மாதம் 22,500, வருடம் 270,000. வரி போக 7 வீதம் கையில் தருகிற ஒரு முதலீட்டிலிருந்து இந்த 270,000 வரவேண்டுமென்றால், முதல் 38 அரை இலட்சம் தேவை. கடனட்டைக் கடனோடு இருப்பவருக்கு அந்த 38 இலட்சம் எங்கிருந்து வரும்? சிலோன் டொபாக்கோ கம்பனி கொழும்புப் பங்குச் சந்தையில் நல்ல பங்கிலாபம் கொடுக்கிறது என்று பெயரெடுத்தது உண்மைதான். ஆனால் அதன் பங்குகளில் 84 வீதம் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் கையில். மிச்சத்தில் ஒரு துளியை வாங்கி வைத்துக்கொண்டு, சிகரெட் இனி இலவசம் என்று நினைப்பது, தவறணையில் பங்கு வைத்திருப்பவருக்குச் சாராயம் சும்மா கிடைக்கும் என்று நம்புவது போலத்தான்.

மனைவி சொல்வதில் உண்மை அதிகம். மாதம் 22,500 வீதம் பத்து வருடம் போட்டால் உங்கள் கைக்காசு 27 இலட்சம். வரி போக 7 வீதம் கிடைக்கிறது என்று வைத்தால் முடிவில் 39 இலட்சம் மட்டில் இருக்கும். சிகரெட்டுக்குத் தீனி போடத் தேவைப்பட்ட முதலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கவனித்தீர்களா? அதாவது, பத்து வருடமாக ஊதித் தள்ளும் காசைச் சேர்த்தால், அதன் வட்டியே ஆயுள் முழுக்கச் சிகரெட் வாங்கித் தரும். வாங்க வேண்டாம், சும்மா சொல்கிறேன்.

ஆனால் அந்த 39 இலட்சத்தை இன்றைய 39 இலட்சமாக நினைக்காதீர்கள். மத்திய வங்கி இலக்கு வைத்திருக்கும் 5 வீதப் பணவீக்கத்தைக் கழித்தால் இன்றைய மதிப்பில் 24 இலட்சம் மட்டில்தான். என்னிடம் வருபவர்களுக்கு நான் இந்த இரண்டாவது எண்ணைத்தான் சொல்வது வழக்கம். முதலாவதைக் காட்டித் திட்டம் விற்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், சிகரெட் விலையும் 150இல் நிற்கப் போவதில்லை. வரி கூடக் கூட, விட்டவருக்கு மிஞ்சும் காசும் கூடும்.

மனைவியின் கணக்கில் ஒரே ஒரு ஓட்டை. குடிக்காத சிகரெட்டின் காசு தானாகச் சேராது. சில வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் வந்தார். சிகரெட்டை விட்டு எட்டு மாதம், "காசு எங்கே ஐயா போனது?" என்று கேட்டார். வங்கிப் புத்தகத்தில் ஒரு சதம் கூடக் கூடவில்லை. ஒரு கிழமைச் செலவை எழுதி வரச் சொன்னேன். முன்பு பெட்டிக் கடையில் நின்ற நேரத்தில் இப்போது பக்கத்துப் பேக்கரியில் பற்றீஸும் பால் தேத்தண்ணியும். மழை பெய்தால் பஸ்ஸுக்குப் பதில் ஓட்டோ. 150 ரூபாய்த் துண்டுகளாகப் போய்க்கொண்டிருந்த காசு அதே துண்டுகளாக வேறு வாசலால் போயிருக்கிறது. மாதம் பிறந்ததும் மொத்தமாக எடுத்துப் பூட்டினால்தான் அது காசு.

பூட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் ஒரு வங்கி செய்து பார்த்த பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சிகரெட்டை விட நினைப்பவர் ஒரு கணக்கைத் திறந்து ஆறு மாதம் காசு போட வேண்டும், வட்டி கிடையாது. ஆறாம் மாதம் சிறுநீரைப் பரிசோதிப்பார்கள். நிக்கொட்டின் இல்லையென்றால் காசு திரும்பக் கையில். இருந்தால் முழுத் தொகையும் தருமத்துக்கு. அந்தக் கணக்கைத் திறக்க முன்வந்தவர்கள் 100க்கு 11 பேர்தான். ஆனாலும் இந்த வாய்ப்புக் கொடுக்கப்பட்டவர்களில், கொடுக்கப்படாதவர்களை விட 100க்கு 3 பேர் கூடுதலாகச் சோதனையில் தேறினார்கள். ஒரு வருடம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் சோதித்தபோதும் அந்த வித்தியாசம் நின்றது. 3 பேர் சின்ன எண்தான். எத்தனை முறை விட்டு எத்தனை முறை தொட்டிருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள், அப்போது சின்னதாகத் தெரியாது.

சரி, உங்கள் எண்ணத்துக்கு வருவோம். ஐந்தை ஒன்றாக்கினால் காசில் 80 வீதம் மிஞ்சும், அதில் சந்தேகமில்லை. உடம்பின் கணக்கு வேறு மாதிரி. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஒரு கட்டுரை வந்தது. நாளுக்கு 20 சிகரெட் குடிப்பவருக்கு மாரடைப்பு போன்ற இதய நோய் எவ்வளவு கூடுகிறதோ, ஒன்றே ஒன்று குடிப்பவருக்கும் அதில் ஏறக்குறைய பாதி கூடுகிறது என்பது அதன் முடிவு. இருபதில் ஒரு பங்கு குடித்தால் இருபதில் ஒரு பங்கு ஆபத்து என்று நாம் போடும் கணக்கு இதயத்துக்குப் பொருந்தாது. ஒன்றில் நிறுத்துவது, கடனில் முக்கால்வாசியைக் கட்டிவிட்டுப் பாதி வட்டியைத் தொடர்ந்து கொடுப்பது போன்ற வேலை. விலை கூடியதென்று பீடிக்கு மாறுபவர்களும் இதே பிழையைத்தான் செய்கிறார்கள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பப்பா யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டமும் சுருட்டுக் கொட்டிலும் வைத்திருந்தவர். அந்தக் காசில்தான் எங்கள் அப்பா படித்தார். புகையிலைக் காசு மீது எனக்குக் கோபம் கிடையாது. அப்பப்பாவின் கணக்குப் புத்தகத்தில் வரவு மட்டும் எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

செலவுப் பக்கத்தை எழுதியவர்கள் வேறு ஆட்கள். 1951இல் ரிச்சர்ட் டோலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் பிரிட்டனின் மருத்துவர்களிடமே புகைபிடிக்கும் பழக்கத்தைக் கேட்டு எழுதத் தொடங்கினார்கள். 34,439 ஆண் மருத்துவர்களை 50 வருடம் பின்தொடர்ந்த கணக்கு 2004இல் வெளிவந்தது. தொடர்ந்து குடித்தவர்கள் குடிக்காதவர்களை விடச் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாகவே இறந்தார்கள். 60 வயதில் விட்டவருக்கு அதில் மூன்று வருடம் திரும்பக் கிடைத்தது, 50இல் விட்டவருக்கு ஆறு, 40இல் விட்டவருக்கு ஒன்பது. உங்களுக்கு 38. எந்த வங்கியும் இந்த வட்டி தராது.

"வயது போன பிறகு போகிற பத்து வருடம்தானே" என்பவர்கள் உண்டு. இழப்பு அப்படிக் கடைசியில் மட்டும் வருவதில்லை. புகைபிடிப்பதால் உலகத்துக்கு ஏற்படும் செலவை 2012ஆம் வருடத்துக்குக் கணக்கிட்டிருக்கிறார்கள்: 1.4 டிரில்லியன் டொலருக்கு மேல், உலக உற்பத்தியில் 1.8 வீதம். அதில் வைத்தியச் செலவு 30 வீதத்துக்கும் குறைவு. மிச்சமெல்லாம் நோயாலும் இறப்பாலும் போன உழைப்பு. நம் நாட்டில் இதை மறப்பது சுலபம், ஏனென்றால் பெரியாஸ்பத்திரியில் பில் வராது. ஒரு லொறிச் சாரதியின் மனைவி என் மேசையில் ஒரு சொப்பிங் பையைக் கவிழ்த்தது நினைவிருக்கிறது. செட்டியார் தெரு அடகுத் துண்டுகள், ஏழோ எட்டோ. கணவருக்கு 52 வயதில் மாரடைப்பு. சத்திரசிகிச்சைக்குக் காசு கேட்கவில்லை. வெளியில் எடுத்த ஸ்கேன், மருந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஓட்டோ, எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்பது மாதம் ஓடாமல் நின்ற லொறியின் லீசிங் தவணை. உங்கள் வீட்டில் உழைப்பது நீங்கள் ஒருவர்தான். ஒரு வருடம் வேலை நின்றால் போவது 16 இலட்சத்து 80 ஆயிரம். ஆறு வருடச் சிகரெட் காசு. அதோடு ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் நிற்கும்.

அப்புறம் ஆயுள் காப்புறுதி. விண்ணப்பத்தில் புகைப்பழக்கம் பற்றிக் கேட்கும் இடத்தில் "இல்லை" என்று எழுதச் சொல்லும் முகவர் கிடைப்பார். எழுதாதீர்கள். கட்டணம் கொஞ்சம் குறையும், ஆனால் மனைவி இழப்பீடு கேட்டுப் போகும் நாளில் அந்த ஒரு சொல்லையே காட்டி மறுக்கலாம். உண்மையை எழுதி எடுங்கள். விட்டு ஒரு வருடம் ஆனதும் கட்டணத்தைத் திருத்த முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

இனி வரிசை. முதலில் மகளின் கணக்கைத் திறக்க வேண்டாம். 26 வீதக் கடனை வைத்துக்கொண்டு 7 வீதத்துக்குச் சேமிப்பது நட்டம். இப்போது மாதம் 3,900 ரூபாய் வட்டிக்கே போகிறது. சம்பளம் வந்த அன்றே 22,500ஐக் கடனட்டைக்குக் கட்டுங்கள், அட்டையை அலுமாரியில் வையுங்கள். ஒன்பதாம் மாதம் கடன் தீரும். அதன் பிறகு மூன்று மாத வீட்டுச் செலவு வரும்வரை அதே தொகை ஒரு சேமிப்புக் கணக்குக்கு, மனைவியின் பெயரில் என்றால் இன்னும் நல்லது. அது நிறைந்ததும் மகளின் பெயரில் சிறுவர் கணக்கு. பொதுவாக 18 வயதுவரை அதிலிருந்து எடுக்க விடமாட்டார்கள். மிண்டனாவோ வங்கி செய்த வேலையை உங்களுக்கு இந்தக் கணக்கு செய்து தரும்.

சிகரெட்டை விட்ட பிறகு வரும் முதல் மூன்று மாதத்துக்கு ஒரு செலவை ஒதுக்குங்கள். நிக்கொட்டின் சுவிங்கம் அல்லது ஒட்டும் பட்டி, தனியே மனவுறுதியை நம்புவதை விட வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கும். அதற்குப் போகும் காசை 22,500இலிருந்து கழித்தாலும் பரவாயில்லை, கடன் ஒரு மாதம் பிந்தித் தீரட்டும். பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 1948 இலக்கம் இருக்கிறது.

உங்கள் கணக்கை நீங்களே எழுதுபவர் என்பதால் ஒன்று கேட்கிறேன். அடுத்த மாதம் கடனட்டைக் கூற்று வந்ததும் நிலுவையைப் பார்த்து எனக்கு எழுதுங்கள். 161,400 ரூபாய்க்கு மேலே இருந்தால், எங்கே போனதென்று பேக்கரியிலிருந்து தேடத் தொடங்குவோம்.