பொருளாளர் பார்த்துக்கொள்வார்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். பட்டர்வொர்த்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், ஐந்து புளோக்குகளையும் இணைத்து ஒரு சிறிய கணினி வலையமைப்பைக் குடியிருப்பாளர்களே சங்கமாகப் பதிந்து நடத்தி வருகிறோம். கீழ்த்தளத்தில் ஒரு கணினி அறை, பிள்ளைகளுக்கான பாடங்களும் பழைய தேர்வுத் தாள்களும் உள்ள ஒரு சர்வர், வீட்டில் இணையம் இல்லாதவர்களுக்கு வைஃபை ஆகியவை எங்கள் சேவைகள். சந்தா மாதம் பத்து வெள்ளி. அடுத்த மாதம் ஆண்டுப் பொதுக்கூட்டம். செயலவையின் ஏழு இடங்களுக்குப் பதினொரு பேர் போட்டியிடுகிறார்கள். என்னையும் நிற்கச் சொல்கிறார்கள்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க் பொறியாளராக வேலை செய்கிறேன். எனக்குப் பதவி ஆசை இல்லை, சேவை செய்யவே விருப்பம். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் மட்டுமே செயலவைக்கு வர வேண்டும் என்பது என் கருத்து. கணக்கு வழக்கு எனக்கு ஒத்து வராது. அதைப் பொருளாளர் பார்த்துக்கொள்வார். நான் நிற்கலாமா? வாக்கெடுப்பைக் கைப்பேசியில் நடத்தலாமா? கூட்டத்தை எந்த மொழியில் நடத்துவது? கட்சிக் கிளைத் தலைவர் ஒருவர் ஆலோசகராக வர விரும்புகிறார், ஏற்கலாமா? வேட்பாளர்களின் அறிமுகக் குறிப்புகளையும் என் வேட்புமனுவையும் இணைத்திருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகன், பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

அண்மையில் இங்கே ஜார்ஜ்டவுனில் வேறொரு சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். பொருளாளர் அறிக்கையின் முறை வந்ததும், எல்லாருடைய கையிலும் அச்சுப்படி இருப்பதால் அதை வாசித்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். பின்னால் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது, ஆகவே வழிமொழியப் பலர் இருந்தார்கள். ஓராண்டின் வரவுசெலவு, ஒருவர் எழுந்து நின்று உட்காரும் நேரத்துக்குள் ஏற்கப்பட்டுவிட்டது. அந்த எரிச்சல் அடங்குவதற்குள் உங்கள் கடிதம் வந்தது. அதில் "அதைப் பொருளாளர் பார்த்துக்கொள்வார்" என்ற வரியைப் படித்ததும், உங்களுக்குப் பதில் எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். கைப்பேசி வாக்கெடுப்புக்கு உங்கள் சங்க விதிமுறை இடம் தருகிறதா என்று பாருங்கள், தராவிட்டால் தாளும் பெட்டியும் போதும். மொழியைப் பற்றிய கேள்வியில் கேள்வியே இல்லை, சந்தா கட்டுகிற எல்லாருக்கும் புரியும் மொழியில் நடத்துங்கள். கிளைத் தலைவரை, மாதம் பத்து வெள்ளி கட்டி உறுப்பினராகச் சேரச் சொல்லுங்கள். சேர்ந்த பிறகும் அவருக்கு ஆர்வம் இருந்தால் அதைப் பற்றிப் பேசலாம்.

இனி உங்களைக் கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கிறது. பதவி ஆசை இல்லை, சேவை செய்யவே விருப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பியுள்ள பதினொரு அறிமுகக் குறிப்புகளில் ஒன்பதில் இதே வாசகம் சொல் மாறாமல் இருக்கிறது, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினீர்களா என்று கேட்கத் தோன்றியது. ஒரு பொறுப்பை வேண்டிக் கேட்டு, வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்கப் போகிற மனிதர், அந்தப் பொறுப்பில் தமக்கு ஆசையே இல்லை என்று சொல்வதை நான் பணிவாக எடுத்துக்கொள்வதில்லை. நாளைக்கு வேலை நடக்காதபோது, "நான் எங்கே கேட்டேன், நீங்கள்தானே நிறுத்தினீர்கள்" என்று சொல்வதற்கு இன்றைக்கே போட்டுவைக்கும் வழி அது. ஆசைப்படுங்கள் தம்பி. எதற்காக ஆசைப்படுகிறீர்கள் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள்.

அந்தக் குறிப்புகளை ஒன்றுவிடாமல் படித்தேன். ஒருவர் கேபிள் இழுப்பார், ஒருவர் சர்வரை இரவோடு இரவாகச் சரிசெய்வார், ஒருவரிடம் சுவரில் ஒட்டும் அளவுக்குச் சான்றிதழ்கள் இருக்கின்றன, ஒருவர் எல்லாவற்றையும் மேகக் கணினிக்கு மாற்றிவிடுவதாக வாக்களிக்கிறார். எல்லாரும் நல்ல பிள்ளைகள், பகல் முழுவதும் தொழிற்சாலையில் நின்றுவிட்டு மாலையில் வந்து அண்டை வீட்டுப் பிள்ளைக்காக ஏணியில் ஏறுகிறவர்கள். அதை நினைக்கும்போது எனக்கு நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் கேபிள் இழுப்பதற்குச் செயலவையில் இருக்க வேண்டியதில்லை என்பதை ஒருவராவது யோசித்ததாகத் தெரியவில்லை. தொண்டூழியராக இருந்தே அதைச் செய்யலாம், இன்னும் சொன்னால் அப்படிச் செய்வதுதான் நல்லது. ஏணியில் ஏறத் தெரிந்த ஏழு பேரையும் மாதக் கூட்டத்தில் உட்கார வைத்துவிட்டால் ஏணி சும்மா கிடக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், கணினிகளை இணைக்கும் சுவிட்ச் கருவியை வாங்கியவரே அதற்கான பில்லையும் ஏற்கிறவராக ஆகிவிடுவார். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும், அவருடைய நேர்மையைச் சரிபார்க்க அங்கே வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

செயலவை உறுப்பினரின் வேலை கேட்பது, பார்ப்பது, கையெழுத்திடுவதற்கு முன்னால் படிப்பது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1986இல் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆதரவில் தொடங்கிய கிளீவ்லாந்து ஃப்ரீநெட்தான் உங்களுடையதைப் போன்ற பொதுமக்கள் கணினி வலையமைப்புகளுக்கு முன்னோடி. தொலைபேசிக் கம்பி வழியாக யாரும் காசில்லாமல் நுழையலாம். அதை நடத்தியது கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம், 1999இல், ஆண்டு 2000 பிறக்கும்போது கணினிகள் தேதியைத் தவறாகப் படிக்கும் என்ற சிக்கலைக் காரணம் காட்டி அதை மூடியதும் அதே பல்கலைக்கழகம்தான். அதைப் பார்த்துக் கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் தொடங்கிய நேஷனல் கேப்பிட்டல் ஃப்ரீநெட், உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் இயக்குநர் குழுவோடு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு இடத்திலும் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். ஆகவே நீளும் ஆயுளுக்குக் கெட்டிக்காரத்தனம் மட்டும் காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் எதற்காக அங்கே போகிறார் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு. இணையத் தளங்களுக்கான இணையப் பெயர்களையும் எண்முகவரிகளையும் உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் என்ற அமைப்பு, 2000ஆம் ஆண்டில் தன் இயக்குநர் குழுவின் ஐந்து இடங்களுக்குச் சாதாரண இணையப் பயனர்களையே வாக்களிக்கச் செய்தது. வட அமெரிக்காவின் இடத்துக்குத் தேர்வானவர் கார்ல் அவர்பாக் என்ற நெட்வொர்க் பொறியாளர். தம்பி, உங்கள் தொழில்தான், அதுவும் இணையத்தின் ஆரம்ப காலத்திலிருந்தே அந்தத் துறையில் ஊறியவர். அவர் அங்கே போய் ரூட்டரைத் தொடவில்லை. அமைப்பின் கணக்கேடுகளைப் பார்க்க வேண்டும் என்றார். நிர்வாகம் இழுத்தடித்தது, பிறகு சில நிபந்தனைகளுக்குக் கையெழுத்திட்டால் காட்டுவதாகச் சொன்னது. இயக்குநருக்குக் கணக்கேடுகளைப் பார்வையிடும் உரிமையைக் கலிபோர்னியச் சட்டம் நேரடியாகத் தருகிறது, அதற்கு நிர்வாகம் நிபந்தனை விதிக்க முடியாது என்று அவர் கையெழுத்திட மறுத்தார். தாம் இயக்குநராக இருக்கும் அமைப்பின் மீதே 2002இல் வழக்குப் போட்டார், அந்த ஆண்டு ஜூலையில் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பின்னர் அமைப்பைத் திருத்தியமைத்தபோது, பயனர்கள் நேரடியாக வாக்களித்து இயக்குநரைத் தேர்ந்தெடுக்கும் முறையே கைவிடப்பட்டது. கணக்கைக் கேட்பவரை எந்தச் செயலவைக்கும் அவ்வளவாகப் பிடிப்பதில்லை என்பதை இதிலிருந்து நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அவ்வளவு பெரிய பொறியாளர், கணக்கு எனக்கு ஒத்து வராது என்று சொல்லவில்லை.

நீங்கள் சொல்கிறீர்கள். வலையமைப்புக்குள் கணினிகளுக்குத் தரும், 192.168 என்று தொடங்கும் எண்முகவரிகளைத் தூக்கத்திலும் பிரித்துக் கூட்டத் தெரிந்த ஒருவர், வரவு ஒரு பக்கமும் செலவு ஒரு பக்கமும் எழுதிய ஒற்றைத் தாளைப் படிக்கத் தெரியாது என்று சொன்னால் நான் நம்ப வேண்டுமா? தெரியாது என்பதல்ல, அலுப்பாக இருக்கிறது என்பதுதானே உண்மை? என் அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். கூலிமுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அங்கே தொழிலாளர்களின் சிக்கன நாணயச் சங்கம் ஒன்று இருந்தது, அதன் ஆண்டுக் கூட்டம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நடக்கும். கணக்கு ஆங்கிலத்தில் இருக்கும். கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் அப்பா கடைசி வரிசையில் எழுந்து, "எல்லாம் சரிங்க, பேங்க் புக்கைக் காட்டுங்க" என்பார். அவருக்குத் தெரிந்தது எண்கள் மட்டும்தான், ஆனால் அந்தப் புத்தகத்தில் இருந்ததும் எண்கள் மட்டும்தான். புத்தகம் ஆபீசில் இருக்கும், ஒருவர் சைக்கிளில் போய் எடுத்து வரும்வரை கூட்டம் காத்திருக்கும், எல்லாரும் அப்பாவை முறைப்பார்கள். தோட்டத்தில் அவருக்கு "பேங்க் புக்கு" என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். பள்ளியில் என்னைப் "பேங்க் புக்கு மகன்" என்று கூப்பிடுவார்கள். கூட்ட நாளன்று எனக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லாரும் ஒன்றையே எதிர்பார்க்கிறார்கள், ஒரு வருடம் அப்பா திருட்டைக் கண்டுபிடித்திருப்பார் என்று. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் கணக்கு சரியாகவே இருந்தது. அவரும் ஒவ்வொரு வருடமும் கேட்டார். சில வருடங்களில் கிராணியே புத்தகத்தை மேசைமேல் எடுத்துவைத்துவிட்டுத்தான் அறிக்கையை வாசிக்கத் தொடங்கினார். அப்பாவுக்குக் கிராணியின் மீது சந்தேகம் இருந்ததா என்று ஒருமுறை கேட்டேன். "அவரு நல்லவருடா. நாளைக்கு வர்றவன் எப்படின்னு யாருக்குத் தெரியும்?" என்றார். 1960இல் இந்தியர்களின் அரசியல் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடப்பட்டு விலைபோய்க்கொண்டிருந்த தோட்டங்களை வாங்குவதற்குத் தொழிலாளர்களிடமே பங்குப் பணம் திரட்டியபோது, அந்தப் பணத்தை நம்பிக் கொடுத்தவர்கள் அப்பாவைப் போன்றவர்கள்தான். நம்பிக்கொடுத்த பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது நம்பிக்கையின்மை ஆகாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. படித்து, பட்டம் பெற்று, குளிரூட்டிய அறையில் வேலை பார்க்கும் நமக்குத்தான் ஒருவரிடம் ரசீது கேட்டால் அவர் மனம் புண்படுமே என்ற கவலை வந்துவிடுகிறது.

உங்கள் வலையமைப்பில் கேட்க வேண்டியவை வங்கிக் கணக்கோடு முடிந்துவிடுவதில்லை. ஐந்து புளோக்குக்கும் வரும் இணைய இணைப்பு யாருடைய அடையாள அட்டை எண்ணில் பதிவாகியிருக்கிறது? உங்கள் இணையப் பெயர் யாருடைய சொந்த மின்னஞ்சலில் இருக்கிறது, அது காலாவதியாகும்போது நினைவூட்டல் யாருக்குப் போகும்? சர்வரின் தலைமைக் கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருவருக்கு மட்டும் என்றால், அவருக்கு நாளை ஜொகூரில் வேலை கிடைத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? கீழறையில் உள்ள கணினிகளில் சங்கம் வாங்கியவை எவை, உறுப்பினர்கள் இரவலாகக் கொடுத்தவை எவை என்று ஒரு பட்டியல் இருக்கிறதா? காசோலையில் எத்தனை பேர் கையெழுத்திடுகிறார்கள், அதில் இருவர் ஒரே வீட்டுக்காரர்களா? இத்தகைய சங்கங்கள் திருட்டால் கெடுவதைவிட, எல்லாம் ஒரு நல்ல மனிதரின் பெயரில் இருந்து, அந்த நல்ல மனிதர் கோபித்துக்கொண்டோ நோயுற்றோ விலகியதால் கெடுவதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அப்போது யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது, இணைப்பைத் திரும்பப் பெறவும் முடியாது.

மலேசியாவின் சங்கங்கள் சட்டம் 1966இன்படி, பொதுக்கூட்டம் முடிந்து 60 நாள்களுக்குள் பொறுப்பாளர்களின் பட்டியலையும் கணக்கையும் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். அங்கே போகிற கணக்கு சங்கத்தின் கணக்கு. நீங்கள் செயலவையில் இருந்தால் அது உங்கள் கணக்கு. அதில் தவறு வந்தபின், பொருளாளர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன் என்று சொல்லிப் பயனில்லை. பாவம், அந்தப் பொருளாளர்! பெரும்பாலான சங்கங்களில் அவரை இரவில் தூங்கவிடாமல் செய்வது பணம் அல்ல. எதையும் படிக்காமல் கையைத் தூக்கும் ஆறு பேருக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கிறார், அதுதான் காரணம். யாராவது ஒருவர் "இந்த முந்நூறு வெள்ளி எதற்கு?" என்று கேட்டால், நல்ல பொருளாளருக்கு முகம் மலரும்.

நிற்கலாமா என்று கேட்டீர்கள். நில்லுங்கள். வேட்புமனுத் தாக்கலுக்கு முன்பாகச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, கடந்த ஆண்டின் வரவுசெலவு, வங்கி அறிக்கை, இணைப்பும் இணையப் பெயரும் யார் பெயரில் இருக்கின்றன என்ற விவரம் ஆகியவற்றை உறுப்பினர் என்ற முறையில் கேளுங்கள். கொடுத்தால், உட்கார்ந்து படித்து, புரியாததைப் பொருளாளரிடமே கேட்டு, நீங்கள் கண்டதை உங்கள் அறிமுகக் குறிப்பில் நாலு வரியில் எழுதுங்கள். கொடுக்கவில்லையென்றால் அதையும் எழுதுங்கள், அந்தக் குறிப்புக்கே வாக்கு விழும். சான்றிதழ்களின் பட்டியலை எடுத்துவிடலாம். அந்தப் புளோக்குகளில் வாக்களிக்கப் போகிற பாட்டிகளுக்கு அது எதுவும் சொல்லாது. ஏணியில் ஏறுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், ஆனால் நீங்கள் ஏறிய வேலைக்கான பில்லில் வேறொருவர் கையெழுத்திடட்டும்.

நீங்கள் இணைத்திருந்த வேட்புமனுவின் படத்தில் முன்மொழிபவரின் கையெழுத்து இருக்கிறது, வழிமொழிபவரின் இடம் காலியாக இருக்கிறது. கடைசி நாளுக்கு முன்னால் அதை முடித்துவிடுங்கள்.

அன்புடன்.