தென்னை வைக்க நிலம் ஏற்றதா என்று எப்படி அறிவது?

மண் பரிசோதனை அறிக்கை நன்றாக இருந்தால் தென்னங்கன்று நடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது மட்டும் போதாது. மேலே 15 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி, அடிமண்ணைப் பற்றி எதுவும் சொல்லாது. மேட்டிலும் பள்ளத்திலும் தனித்தனியே 1 மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கச்சுவரை நிதானமாகப் பாருங்கள். சாம்பல் நிற மண்ணில் துருப்பிடித்தாற்போல் செம்புள்ளிகள் தெரிந்தால், ஆண்டின் ஒரு பகுதியில் அங்கே நீர் தேங்கி, வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் போகிறது என்று பொருள்; சுக்கான் பாறை (கெட்டியான சுண்ணாம்புப் படிவம்) தட்டினால் அந்த இடத்தை விட்டுவிடுவதே நல்லது. மண்ணின் கார அமில நிலை (pH) 5.2 முதல் 8 வரை தென்னை தாங்கும் என்பதால், அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். என்னைக் கேட்டால், நீர்தான் முதல் கேள்வி: மண் எவ்வளவு வளமாக இருந்தாலும், சித்திரை, வைகாசியில் கிணறு வற்றிவிடும் நிலத்தில் குரும்பை (தென்னம்பிஞ்சு) உதிர்வதைத் தடுக்க முடியாது.