அடுத்த அத்தியாயத்தில் அவள் எங்கே?

(புதிதாக எழுத வருகிறவர்களுக்கான கேள்வி – பதில். இந்த இதழில் மாயப் புதினம் எழுதும் வாசகர்களின் கடிதங்கள்.)

சோழர் காலச் சாயலில் மாயப் புதினம் எழுதுகிறேன். பறக்கும் யானைப்படையோடு வரும் எதிரி அரசன் கோட்டையைப் பிடித்ததும் அவன் வீரர்கள் பெண்களிடம் அத்துமீறுவதாக ஓர் அத்தியாயம். படித்த நண்பர் எடுத்துவிடு என்கிறார். அந்தக் காலத்துப் போர் என்றால் அப்படித்தானே? – வாசகர், ஈரோடு

யானைக்கு இறக்கை வைக்கும்போது குறுக்கே வராத ‘அந்தக் காலம்’ இங்கே மட்டும் வந்து நிற்கிறது பாருங்கள். உங்கள் உலகத்தில் எது நடக்கலாம், எது நடக்கக் கூடாது என்று முடிவு செய்கிற ஆள் நீங்கள்தான். பழியை வரலாற்றின் தலையில் கட்ட வேண்டாம்.

ஆனால் வரலாறு என்று வந்துவிட்டீர்கள், அதையே பேசுவோம். கர்நாடகத்தில் ஹொட்டூர் என்ற ஊரில் 1007ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சாளுக்கிய அரசன் சத்தியாசிரயன் காலத்தது. சோழப்படை நாட்டைச் சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்றது, பெண்களைப் பிடித்தது என்று குற்றம் சாட்டுகிறது. எதிரி வெட்டிய கல், மிகை இருக்கலாம். ஆனால் சோழர் பக்கத்தில் வீரராசேந்திரனின் மெய்க்கீர்த்தியோ, எதிரித் தளபதியின் மகள் நாகலையின் மூக்கை அறுத்ததைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறது. போரில் பிடித்துவந்த பெண்களை வேளம் என்ற அரண்மனைப் பணிப்பெண்கள் குடியிருப்புகளில் வைத்தார்கள்.

ஆக, நடந்தது. கூடவே இன்னொன்றும் உண்டு. ஹொட்டூரில் அதை எழுதியவன் ‘இது அக்கிரமம்’ என்றுதான் எழுதினான். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே புறநானூற்றின் 9ஆம் பாட்டில் நெட்டிமையார், ‘அம்பு விடப்போகிறோம், பெண்களும் நோயாளிகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள்’ என்று முன்னறிவிக்கும் பாண்டியனைப் பாடுகிறார். அந்தக் காலத்து மனிதர்களுக்கும் தப்பு எது என்று தெரிந்திருந்தது. உங்கள் அத்தியாயத்தில் அது தெரிந்த ஆள் ஒருத்தர்கூட இல்லை.

என் யோசனை, அந்த இரவை விட்டுவிட்டு வேளத்தை எழுதுங்கள். பாஷை தெரியாத அரண்மனையில், முன்பே வந்தவள் புதிதாக வந்தவளுக்கு முதல் நாள் என்ன சொல்லிக்கொடுப்பாள்? யாரிடம் தலைகுனிய வேண்டும், எந்தக் கதவருகே தனியாக நிற்கக் கூடாது? பத்து வருடம் கழித்து சொந்த நாட்டுப் படையே மீட்க வந்தால் அவள் கிளம்புவாளா? ஊரில் அவளைச் சேர்த்துக்கொள்வார்களா? இதில் ஒரு முழுப் புதினமே இருக்கிறது.

இத்துடன் அனுப்பியுள்ள பக்கத்தில் நான் வரம்பு மீறவில்லையே? – வாசகி, நாகர்கோவில்

ஆபாசமாக ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்த வரியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: “கொடியிடை துவள, கார்குழல் அவிழ்ந்து புரள, பவள இதழ் நடுங்க, அவன் பிடியில் அவள் தவித்தாள்.” பெயரை மறைத்துவிட்டுக் கொடுத்தால் காதல் காட்சி என்றே நினைப்பேன். இடையும் குழலும் இதழும் அவன் கண்ணுக்குத் தெரிகிறவை. படிக்கிறவரையும் கூட்டிப்போய் அவன் தோளுக்குப் பின்னால் நிறுத்திவிட்டீர்கள். நமது சரித்திரத் தொடர்கதைகளிலிருந்து கையோடு ஒட்டிக்கொண்ட வர்ணனை இது. வாரப் பத்திரிகையில் கதைத் தேர்வு மேசையில் இருந்தபோது இதே இடை இதேபோலத் துவளுகிற கையெழுத்துப் பிரதிகள் கட்டுக்கட்டாக வரும், பெண்கள் எழுதியவையும் சேர்த்து.

நான் இப்படித் திருத்துவேன்: “அவன் கதவைத் தாழிட்டான். வெளியே யாரோ குதிரைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றுச் சுவரில் வாளி இடிக்கிற சத்தம் அவளுக்கு விடியும்வரை கேட்டது.” மூன்று வாக்கியம் போதும். அப்புறம், அடுத்த பத்தியில் அவன் வாளைத் துடைத்து உறையில் போடுவதற்கு ஏழு வரி கொடுத்திருக்கிறீர்களே, அதில் ஆறை எடுத்துவிடுங்கள்.

இப்படி மறைத்துவிட்டால் கோழைத்தனம் ஆகாதா? – வாசகர், மதுரை

ஆகலாம். எதற்காக மறைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வால்மீகியில் இராவணன் சீதையின் கூந்தலையும் தொடையையும் பற்றித் தூக்குகிறான். கம்பர் அவனைத் தொடவே விடவில்லை. பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுக்க வைத்தார். கவிதையாகப் பிரமாதம். ஆனால் அந்த மறைப்பு காப்பாற்றுவது சீதையின் தூய்மையை. அவளுடைய பயத்தை அல்ல. தொட்டால் களங்கம் என்ற எண்ணம் அடியில் அப்படியே இருக்கிறது.

பாரதி வேறு வழியில் போனார். ‘பாஞ்சாலி சபத’த்தில் துச்சாதனன் அவளை இழுத்துப் போகும் இடத்தில், சட்டென்று தெருவில் நிற்கிறவர்கள் பக்கம் திரும்பிவிடுகிறார்: “நெட்டை மரங்களென நின்று புலம்பினார்.” பார்வை அவள் உடம்பிலிருந்து வேடிக்கை பார்த்தவர்கள் முகத்துக்குப் போய்விட்டது. (அடுத்த அடியிலேயே ‘பெட்டைப் புலம்பல்’ என்று சறுக்குகிறார். அது வேறு பஞ்சாயத்து.)

என் நாயகிக்கு நெருப்பை வரவழைக்கும் சக்தி உண்டு. அந்த நேரத்தில் ஏன் அவனை எரிக்கவில்லை என்று வாசகர்கள் கேட்பார்களே? – வாசகி, சேலம்

கேட்பார்கள். நிஜத்திலும் கேட்டார்கள். மகாராஷ்டிரத்தில் 1972இல் காவல் நிலையத்துக்குள் ஓர் ஆதிவாசிச் சிறுமிக்கு நடந்த கொடுமையில், உடம்பில் காயம் இல்லை, போராடிய அடையாளம் இல்லை என்பதை எல்லாம் சொல்லி உச்ச நீதிமன்றம் 1978இல் இரண்டு காவலர்களை விடுதலை செய்தது. நாடு கொதித்தது, 1983இல் சட்டம் திருந்தியது. பயத்தில் கை கால் மரத்துப்போவது, குரல் எழும்பாமல் போவது எல்லாம் உடம்பு தானாகச் செய்கிற காரியம். உங்கள் நாயகிக்கு நெருப்பு வராமல் போனதற்கு மந்திரக் காரணம் தேடாதீர்கள். கையில் தடை வளையம், கிரகண நாள் என்று ஏதாவது சொன்னால், சக்தி இருந்தும் சும்மா இருந்தவள்மீதுதான் தப்பு என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவளே தன்னை அந்தக் கேள்வி கேட்டுக்கொள்ளட்டும், பல அத்தியாயங்களுக்கு. பக்கத்தில் இருக்கிற யாராவது பதில் சொல்லட்டும்.

என் கதையில் வன்முறையே கிடையாது. மந்திரவாதி இளவரசன் உருவத்தில் அந்தப்புரம் போகிறான், வசிய மருந்து கொடுக்கிறான், எல்லாம் நகைச்சுவைதான். – வாசகர், தஞ்சாவூர்

கௌதமர் வேடத்தில் இந்திரன் வந்த கதைதானே? கணவன் என்று நம்பவைத்துப் பெறும் சம்மதம் சம்மதமல்ல என்று 1860ஆம் வருடத்து இந்திய தண்டனைச் சட்டமே சொல்லிவிட்டது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. மயக்கப் பொருள் கொடுத்துப் பெறும் சம்மதமும் அதே கணக்குதான். உங்கள் மந்திரவாதி இரண்டையும் செய்திருக்கிறான். சிரிப்பு வரவில்லை.

தளபதி இளவரசியைக் கடத்தி வற்புறுத்துகிறான். பிறகு அவளுக்கே அவன்மேல் காதல் வருகிறது. ‘ஆன்டி ஹீரோ’ கதை என்றால் வாசகிகள் அடுத்த எபி (எபிசோட்) எப்போது என்று துளைக்கிறார்கள். எனக்கே உறுத்துகிறது, ஆனால் நிறுத்த முடியவில்லை. – வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் வாசகிகளைக் குறை சொல்ல மாட்டேன். முரடன் ஒருவன் தனக்காக மட்டும் உருகுவான் என்ற ஆசைக்குக் கதையில் இடமுண்டு. ஆனால் கெடுத்தவனுக்கே கட்டிவைப்பது நம் ஊரில் வெறும் கற்பனை இல்லை; பஞ்சாயத்துத் தீர்ப்பாகவே இருந்த விஷயம். 2015இல் சென்னை உயர் நீதிமன்றமே, தண்டனை பெற்றவன் பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசட்டும் என்று ஜாமீன் கொடுத்தது. சில வாரங்களில், வேறொரு வழக்கில் இத்தகைய சமரசமே கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

தளபதி முரடனாகவே இருக்கட்டும். கடத்தட்டும், கத்தட்டும். அந்த ஒரு இரவை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள், கதையில் எதுவும் குறையாது. இல்லை, நடந்துதான் ஆக வேண்டும் என்றால் அப்புறம் அவன் நாயகன் கிடையாது. எத்தனை கமெண்ட் வந்தாலும் சரி.

அவளுக்கு நேர்ந்த கொடுமைக்கு அண்ணன் பழிவாங்குவதுதான் என் மூன்று பாகக் கதை. அவள் முதல் பாகத்திலேயே இறந்துவிடுகிறாள். சரியா? – வாசகர், யாழ்ப்பாணம்

பழிவாங்கும் கதை தப்பில்லை. ஆனால் மூன்று பாகத்துக்கும் எரிபொருள் ஒரு பெண்ணின் உடம்பு, அவளுக்கு நாலு பக்கம்கூட இல்லை என்றால் கணக்கு உதைக்கிறது. முடிந்தால் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1990இல் எழுதிய ‘டெஹானு’ நாவலைப் படியுங்கள். டிராகன்கள் உலவும் உலகம்தான். ஒரு சிறுமியைச் சிதைத்து நெருப்பில் தள்ளியிருக்கிறார்கள். அதை லெ குவின் காட்சியாக எழுதவே இல்லை. பிழைத்த குழந்தையோடுதான் கதை நகர்கிறது. அவள் முகத்தைப் பார்க்க ஊருக்கே அச்சம். அவளை எடுத்து வளர்க்கிறவள் சோறு ஊட்டி, துணி தைத்து, கதை சொல்லி நாளைத் தள்ளுகிறாள். கொடுமை செய்தவர்களில் ஒருவன் மறுபடி எதிரே வந்து நிற்கிற இடம் வரும். வாளே உருவாத அந்தப் பக்கங்கள் எந்தப் போர்க்களத்தையும்விட நடுக்கம் தரும். உங்கள் தங்கையை உயிரோடு விடுங்கள். இரண்டாம் பாகத்தில் அண்ணனோடு சண்டை போடட்டும்.

எச்சரிக்கைக் குறிப்பு போட்டால் திருப்பம் போய்விடுமே? – வாசகி, சென்னை

இதைப் போய்த் திருப்பமாக வைப்பானேன்? போடுங்கள். ‘இந்த அத்தியாயத்தில் பாலியல் வன்முறை பற்றிய பகுதி உண்டு’ என்று தலைப்புக்குக் கீழே ஒரு வரி. தாண்டிப் போகிறவர்களுக்காக அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் இரண்டு வரி முன்கதை. அச்சில் வரும்போது முதல் பக்கத்திலும் ஒரு தடவை.