எரு ஏன் நாறுகிறது, மரக்கன்று ஏன் காய்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரி மாணவர்கள் கேட்டவற்றில் நான்கு.

கேள்வி: விடுதியில் 200 பேர் சாப்பிடுகிறோம். மெஸ் கழிவை எருவாக்க நாலடிக்கு நாலடியில் சிமென்ட் தொட்டி கட்டினோம். பத்தாம் நாளே நாற்றம் தாங்கவில்லை, புழுவும் வந்துவிட்டது. வார்டன் மூடச் சொல்கிறார். எங்கே தவறினோம்?
– மாணவிகள், பாலக்கோடு

பதில்: தொட்டியிலேயே தவறிவிட்டீர்கள். பூசிய சுவர் காற்றை விடாது, சிமென்ட் தரை நீரை விடாது. காற்றில்லாத இடத்தில் கழிவு மக்காது, அழுகும். செங்கல்லுக்குச் செங்கல் இரண்டு விரல் இடைவெளி விட்டு நாலடி உயரத்துக்கு அடுக்குங்கள். பூச்சு வேண்டாம், தரை மண்ணாகவே இருக்கட்டும். அடியில் அரை அடிக்குத் தேங்காய் மட்டையும் குச்சியும் பரப்புங்கள்.

அடுத்தது சாம்பார். தட்டில் மிஞ்சிய குழம்பு, ரசம், மோர் எல்லாம் சோற்றோடு தொட்டிக்குள் போயிருக்கும். கை கழுவும் இடத்திலேயே ஓட்டைக் கூடை வைத்து வடித்துவிடுங்கள். எலும்பும் பொரித்த எண்ணெயும் எருத்தொட்டிக்கு ஆகாது. சோற்றைக் கட்டியாகக் கொட்டினால் புளிக்கும், உதிர்த்துக் கலக்க வேண்டும்.

ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு என்பது கணக்கு. ஒரு வாரம் கழிவை வாளியால் அளந்து பாருங்கள். நாளுக்கு மூன்று வாளி வந்தால் சருகு ஆறு வாளி, மாதத்துக்கு 180, பத்து மாதக் கல்வியாண்டுக்கு 1,800 வாளி. பெரும்பாலான வளாகங்கள் சறுக்குவது இங்கேதான். இலையெல்லாம் மாசி, பங்குனியில் மொத்தமாகக் கொட்டுகிறது, அதைக் கூட்டிக் கொளுத்திவிடுகிறார்கள். ஆவணியில் எருவுக்குச் சருகு இருக்காது. எனவே முதல் வேலை தொட்டி அல்ல. கொளுத்துவதை நிறுத்தி, சருகைச் சாக்கில் கட்டி, நனையாத இடத்தில் அடுக்குவதுதான். போதாவிட்டால் நிலக்கடலைத் தோலோ மரத்தூளோ சேர்க்கலாம். தைல மர இலை மட்டும் வேண்டாம்.

ஈரம் சரியா என்று கையால் பார்க்கலாம். ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு சேருங்கள், உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். நான்காம் நாள் ஒரு இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் சொருகிப் பத்து நிமிடம் கழித்து உருவினால், பிடிக்க முடியாமல் சுட வேண்டும். சுடவில்லை என்றால் குவியல் சிறியது, இல்லாவிட்டால் காய்ந்து கிடக்கிறது. ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை புரட்டுங்கள். மூத்திர வாடை வந்தால் சருகு குறைவு. அழுகிய முட்டை வாடை வந்தால் காற்று குறைவு.

மெல்லிய வெள்ளைப் புழு வீட்டு ஈயின் குஞ்சு. கழிவைத் திறந்து போட்டதால் வந்தது. கொட்டிய உடனே மூன்று அங்குலச் சருகால் மூடினால் வராது. தட்டையாக, பழுப்பாக, தடித்து நெளிவது படைவீரன் ஈயின் புழு. அதை விட்டுவிடுங்கள், நம் வேலையைத்தான் செய்கிறது. தொட்டி நான்கு வேண்டும்: ஒன்று நிரம்பும்போது மற்ற மூன்றும் முதிரும். மண் வாசனை வந்தால் எரு தயார்.

கேள்வி: ஆண்டுதோறும் ஜூன் 5-ல் நூறு கன்று நடுகிறோம். அடுத்த ஏப்ரலில் பத்துகூட மிஞ்சுவதில்லை.
– என்.எஸ்.எஸ். மாணவர், ஊத்தங்கரை

பதில்: ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள், அவ்வளவுதான். உங்கள் ஊருக்குப் பெருமழை செப்டம்பர், அக்டோபரில்தான். மே மாதமே இரண்டடி நீளம், அகலம், ஆழத்தில் குழி வெட்டி ஆறப்போடுங்கள். அடியில் சரளையோ பாறையோ தட்டினால் மூன்றடி தேவை, இல்லையேல் வேர் தொட்டியில் வளைவதுபோல் வளையும். ஆகஸ்டு கடைசியில், நல்ல மழை இரண்டு பெய்தபின் நடுங்கள். விழாவை வேண்டுமானால் ஜூனில் குழிக்கு எடுங்கள்!

கன்று நாலடி உயரமாவது இருக்கட்டும். பையைக் கிழித்துப் பார்த்து, சுருண்ட வேரைப் பிரித்துவிடுங்கள். தினம் ஒரு சொம்பு ஊற்றுவது கன்றைக் கெடுக்கும். வேர் மேலேயே சுற்றும், பங்குனி வெயிலில் மாண்டுபோகும். வாரம் ஒருமுறை 20 லிட்டர், சுற்றிலும் சருகு மூடாக்கு. ஆட்டுக்கு முள் வேலி. நூறு வேண்டாம், 25 போதும்: வாரத்துக்கு 500 லிட்டர், அதாவது ஒரு சின்டெக்ஸ் தொட்டி. ஏப்ரல், மே விடுமுறையில் யார் ஊற்றுவது என்ற பட்டியலை நடும் அன்றே எழுதுங்கள். உள்ளூர்க்காரர்களும் இரண்டாமாண்டு மாணவர்களும் அதில் இருக்க வேண்டும். மூன்றாமாண்டுக்காரர்கள் மேயில் போய்விடுவார்கள். வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை வைக்கலாம்.

கேள்வி: போர் தண்ணீரில் ஃபுளோரைடு. ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்கு விடலாமா? மழைநீர் சேமித்தால் பயன் உண்டா?
– மாணவி, பென்னாகரம்

பதில்: கழிவுநீரில் போர் தண்ணீரைவிட உப்பும் ஃபுளோரைடும் கூடுதல். கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் வையுங்கள். மழைநீர்க் குழியில் மட்டும் இறக்காதீர்கள், மறுபடி உங்கள் போருக்கே வரும். காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கிராம் என்பது இந்தியத் தர அளவு, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை.

ஒரு மி.மீ. மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 400 ச.மீ. மொட்டை மாடியில் 20 மி.மீ. பெய்தால் 8,000, ஆவி, தெறிப்பு போக 6,400 லிட்டர் தேறும். முதல் ஒரு மி.மீ. மழை பறவை எச்சத்தையும் தூசியையும் கழுவிக்கொண்டு வரும். அந்த 400 லிட்டரை இரண்டு 200 லிட்டர் டிரம்மில் பிரித்துவிடுங்கள். மீதியை ஜல்லி, மணல் வடிகட்டி வழியாக மூடிய தொட்டிக்கு விடுங்கள். குழாய் வாய்க்குக் கொசுவலை. குடிக்க, சமைக்க வைத்துக்கொள்ளலாம். 1,000 லிட்டருக்குப் புதிய பிளீச்சிங் பவுடர் 4 கிராம், அரை மணி கழித்து எடுங்கள். 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் உங்கள் வளாகத்துக்கு வந்தால் அதைக் குடிக்க ஒதுக்கி, போரைத் துணி துவைக்க, குளிக்க வையுங்கள்.

கேள்வி: கலைவிழாவுக்குப் பேப்பர் கப் வாங்கினோம். எருவில் போடலாமா?
– மாணவர், பர்கூர்

பதில்: போடக்கூடாது. ஒரு கப்பைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துப் பாருங்கள், உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தோல் தனியாக வரும். 1.1.2019 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு. ஸ்டீல் டம்ளரை வாடகைக்கு எடுங்கள், கழுவ நான்கு பேரைப் போடுங்கள்.