கடைசி ஓராண்டை எங்கே படிப்பது? பன்னாட்டு நிதியியல் டாப்-அப் பட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, பெருந்துறையில் சிறிய சாயத் தொழில் நடத்தி வருகிறேன். என் மகள் பிளஸ் டூ முடித்தபின், கோயம்புத்தூரில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் பிரிட்டன் பாடத்திட்டத்தின்படி நடக்கும் எச்.என்.டி. (இரண்டாண்டு உயர்நிலை டிப்ளமோ) பிசினஸ் படிப்பில் சேர்ந்து இரண்டாம் ஆண்டை முடிக்கப் போகிறாள். இன்னும் ஓராண்டு டாப்-அப் படித்தால் பன்னாட்டு நிதியியலில் ஆனர்ஸ் பட்டம் கிடைக்கும் என்று சொல்லி ஏஜென்ட் மூன்று வழிகளைக் காட்டுகிறார். ஒன்று, வட இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகத்தில் படிப்பது. இரண்டு, லண்டனில் ஒரு தனியார் கல்லூரியில் படிப்பது. பட்டத்தை மட்டும் வேறொரு பல்கலைக்கழகம் தரும். மூன்று, கோவையில் இப்போது படிக்கும் நிலையத்திலேயே தொடர்வது. கட்டணம் மிகவும் குறைவு. எதைத் தேர்ந்தெடுப்பது? திரும்பி வந்தபின் அவள் இங்கே வங்கித் தேர்வு எழுத முடியுமா?

பதில்: கடிதத்தின் கடைசியில் தாங்கள் கேட்டிருக்கும் வங்கித் தேர்வுக் கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், மற்ற எல்லாவற்றையும் அதற்கான விடையே தீர்மானிக்கும்.

பிரிட்டனில் ஆனர்ஸ் இளநிலைப் பட்டம் என்பது 360 கிரெடிட்டுகள், அதாவது படிப்பின் அளவைக் காட்டும் அலகுகள், கொண்டது. முதலாண்டான நான்காம் நிலையில் 120, இரண்டாம் ஆண்டான ஐந்தாம் நிலையில் 120, கடைசி ஆண்டான ஆறாம் நிலையில் 120 என்று அது பிரிந்திருக்கிறது. எச்.என்.டி. முடித்தவர் முதல் 240 கிரெடிட்டுகளைக் கடந்துவிட்டார் என்று கொள்ளப்படுவதால், மிச்சமுள்ள ஆறாம் நிலையை மட்டும் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற அனுமதிக்கிறார்கள். பிரிட்டனுக்குள் இது முழுமையான பட்டம்தான். அதை வைத்து அங்கே முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியாவும் பிரிட்டனும் 2022 ஜூலையில் கல்வித் தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்பது பற்றிச் செய்துகொண்ட ஒப்பந்தமும், பிரிட்டனின் ஆனர்ஸ் இளநிலைப் பட்டத்தை நம் இளநிலைப் பட்டத்துக்கு இணையாக வைக்கிறது.

ஆனால் ஒப்பந்தம் இருக்கிறது என்பதால் ஒவ்வொரு மாணவரின் சான்றிதழுக்கும் இணைத்தகுதி தானாக வந்துவிடாது. வெளிநாட்டுத் தகுதிகளுக்கு இணைத்தகுதி வழங்குவது பற்றி 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிமுறைகள், ஃபிரான்சைஸ் ஏற்பாட்டின் வழியே பெற்ற தகுதிகளை ஏற்பதில்லை என்று தெளிவாகச் சொல்கின்றன. ஒரு பல்கலைக்கழகம் தன் பெயரையும் பாடத்திட்டத்தையும் கொடுக்க, வேறொரு நிறுவனம் வகுப்பு நடத்துவதைத்தான் அப்படி அழைக்கிறார்கள். தங்கள் ஏஜென்ட் காட்டும் மூன்றாவது வழி அந்த வகைக்குள் வருவதாகவே தெரிகிறது. இரண்டாவது வழியும், லண்டன் என்ற பெயர் இருந்தாலும், அதே ஐயத்துக்கு உரியது. பட்டம் தருபவர் யார் என்பதோடு பாடம் நடத்துபவர் யார் என்பதையும் கேளுங்கள். இரண்டும் ஒரே பல்கலைக்கழகமாக இருக்கும் முதல் வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

முதல் வழியிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. மகள் முடித்திருக்கும் இரண்டு ஆண்டுகள் கோவையில் ஒரு தனியார் நிலையத்தில் நடந்தவை. நாளை இணைத்தகுதி கேட்கும்போது அந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே பார்ப்பார்கள். ஆகவே சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே, எச்.என்.டி. மதிப்பெண் பட்டியல், நிலையத்தின் அங்கீகார விவரம், பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் ஆகியவற்றை இணைத்து, இந்தப் பாதைக்கு இணைத்தகுதி உண்டா என்று மானியக் குழுவிடம் எழுத்து மூலம் கேளுங்கள். ஏஜென்ட் வாய்மொழியாகத் தரும் உறுதியையும், வண்ணத்தாளில் அச்சிட்ட கையேட்டையும் இதற்கு ஈடாகக் கொள்ளக் கூடாது. பொதுத்துறை வங்கிகளின் அதிகாரி தேர்வு இந்திய அரசு ஏற்கும் பட்டத்தையோ அதற்கு இணையானதையோ கேட்கிறது. அரசுப் பணித் தேர்வுகள், இங்குள்ள பல்கலைக்கழகங்களில் எம்.காம்., பட்டதாரி என்ற முறையில் நேரடியாக சி.ஏ. படிப்பில் நுழைவது ஆகியவற்றுக்கும் இந்தக் கேள்வி எழும். திருப்பூரிலோ கரூரிலோ ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் சேர இணைத்தகுதிச் சான்று யாரும் கேட்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் இருபது வயதுப் பெண்ணுக்கு அந்த ஒரு கதவை மட்டும் திறந்து வைத்து மற்றவற்றைச் சாத்திவிடுவது எனக்குச் சம்மதமில்லை. மானியக் குழுவின் விடை சாதகமாக இல்லையென்றால், இங்கேயே பி.காம். சேர்ந்துவிட்டுப் பிறகு முதுநிலைக்கு வெளிநாடு செல்வது பற்றி யோசியுங்கள். இரண்டு ஆண்டுகள் வீணானதுபோல் முதலில் தோன்றும். பட்டம் கையில் இருந்தும் பயன்படாமல் போவதோடு ஒப்பிட்டால் அது சிறிய இழப்பு.

சாதகமான விடை வந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது படிப்பின் தன்மை. எச்.என்.டி.யில் பெரும்பாலும் அசைன்மென்ட் எழுதித்தான் தேறுகிறார்கள். ஆறாம் நிலையில் தேர்வு அறை இருக்கும். பல இடங்களில் ஆய்வேடும் இருக்கும். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரப் படிப்பு என்பது அங்குள்ள கணக்கு; 20 கிரெடிட் தாள் ஒன்றுக்கு 200 மணி நேரம். மூன்றாண்டு படிக்கும் மாணவருக்கு இரண்டாம் ஆண்டு மதிப்பெண்ணும் சேர்ந்து பட்டத்தின் வகுப்பு கணக்கிடப்படுவது வழக்கம். டாப்-அப் மாணவருக்கோ அநேகமாக அந்த ஒரே ஆண்டின் மதிப்பெண்தான் எல்லாம். முதல் பருவத்தில் சறுக்கினால் ஈடுகட்ட இடம் குறைவு. அங்கே 70ம் அதற்கு மேலும் முதல் வகுப்பு, 60 முதல் 69 வரை மேல் இரண்டாம் வகுப்பு, 50 முதல் 59 வரை கீழ் இரண்டாம் வகுப்பு. மகள் 63 மதிப்பெண் பெற்று அழைத்தால் தாங்கள் வருந்த வேண்டாம். நல்ல முதுநிலைப் படிப்புகளும் பல வேலைகளும் கேட்பது அந்த வகுப்பைத்தான். புறப்படும் முன் இங்குள்ள கோடை மாதங்களில் புள்ளியியல், பணத்தின் காலமதிப்பு (பின்னால் வரும் பணத்தின் இன்றைய மதிப்பைக் கணக்கிடுவது), எக்ஸெல் மூன்றையும் அவர் பயிற்சி செய்துவிட்டுப் போகட்டும். பிசினஸ் பிரிவில் எச்.என்.டி. முடித்து நிதியியல் டாப்-அப்புக்குச் செல்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பணத்தைப் பற்றி இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன். 2025 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்குக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகை, லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டும் லண்டனில் 1,529 பவுண்டும் ஆகும். ஒன்பது மாதங்களுக்கு முறையே 10,539 பவுண்டு, 13,761 பவுண்டு. பாக்கிக் கட்டணத்தோடு இந்தத் தொகையும் 28 நாள் தொடர்ந்து மகள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ உள்ள கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். தாய்மாமன் கணக்கில் இருக்கும் பணம் ஏற்கப்படாது. தொழிற்சாலையின் நடப்புக் கணக்கையும் நம்பியிருக்க வேண்டாம். இன்னொன்று, படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை தேடும் விசா, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டுகளிலிருந்து 18 மாதங்களாகக் குறைகிறது. 2026 செப்டம்பரில் சேர்பவர் இந்தக் குறைந்த காலத்துக்குள்தான் வருவார். பெரிய நிறுவனங்கள் புதிய பட்டதாரிகளுக்கான விண்ணப்பங்களை இலையுதிர் காலத்திலேயே திறந்துவிடுவதால், டாப்-அப் மாணவர் போய் இறங்கிய சில வாரங்களிலேயே விண்ணப்பிக்கத் தொடங்க வேண்டியிருக்கும். அங்கே கிடைக்கும் சம்பளத்திலேயே கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்க வேண்டாம் என்று தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. கரூரைச் சேர்ந்த மாணவன் நான். எனக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் இடம் தந்துள்ளன. ஒன்றில் பன்னாட்டு நிதியியல், இன்னொன்றில் கணக்கியலும் நிதியும். ஏ.சி.சி.ஏ. என்னும் பிரிட்டன் கணக்காளர் தேர்வை எழுதவும் ஆசை உண்டு. கணிதத்தில் நான் சுமார்தான். எது எனக்குப் பொருந்தும்?

பதில்: தம்பி, பட்டத்தின் பெயரை வைத்து முடிவெடுக்காமல், இரண்டு பல்கலைக்கழகங்களும் இறுதியாண்டில் என்னென்ன தாள்களை வைத்திருக்கின்றன என்ற பட்டியலைக் கேட்டு வாங்கி அருகருகே வைத்துப் பார்க்கவும். பன்னாட்டு நிதியியல் என்று பெயர் சூட்டிவிட்டு, உள்ளே பொதுவான நிர்வாகவியல் தாள்களை நிரப்பி, நிதி சார்ந்து இரண்டே தாள் வைத்திருக்கும் படிப்புகளும் உண்டு. நாணய மாற்று விகிதம், பன்னாட்டு நிறுவனங்களின் முதலீட்டு முடிவுகள், டெரிவேட்டிவ்களும் (நாணயம் போன்றவற்றின் விலையைச் சார்ந்து மதிப்பு மாறும் ஒப்பந்தங்கள்) இடர் மேலாண்மையும், வணிகத்துக்கான நிதி ஆகிய நான்கும் இருந்தால்தான் அந்தப் பெயருக்குத் தகுதி உண்டு என்பது என் எண்ணம்.

இந்தப் பாடங்கள் நம் பகுதிக்கு எவ்வளவு நெருக்கமானவை என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். இன்று ஒரு டாலர் 85 ரூபாய் என்றும், ஓராண்டு வட்டி இங்கே 6.5 சதவீதம், அமெரிக்காவில் 4.5 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். ஓராண்டு கழித்து வரப்போகும் டாலருக்கு வங்கி இன்றே உறுதி செய்து தரும் ஃபார்வர்டு விலை, 85ஐ 1.065ஆல் பெருக்கி 1.045ஆல் வகுத்தால் வருவது. ஏறத்தாழ 86 ரூபாய் 63 காசு. நடைமுறையில் இதற்குச் சற்று முன்பின்னாக இருக்கும். டாலர் ஏறும் என்று வங்கி ஆரூடம் சொல்வதாகச் சிலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். அந்த 1 ரூபாய் 63 காசு வட்டி வேறுபாட்டிலிருந்து பிறக்கிறது. கரூரில் திரைச்சீலையும் மேசை விரிப்பும் ஏற்றுமதி செய்பவர் 90 நாள் தவணையில் சரக்கு அனுப்பும்போது, இப்படி விலையை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளும் ஃபார்வர்டு கவர் எடுப்பதா, சரக்கு தயாரிக்க வங்கி தரும் பேக்கிங் கிரெடிட் கடனை டாலரில் வாங்குவதா என்று எடுக்கும் முடிவுகளுக்கெல்லாம் அடியில் இந்த எளிய வகுத்தல்தான் இருக்கிறது.

இதை அறியாமல் கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூர் கண்டிருக்கிறது. 2007இல் டாலர் 39 ரூபாய்க்கு அருகே இறங்கியபோது, நட்டத்தை ஈடுகட்ட வழி தேடிய ஏற்றுமதியாளர்கள் பலர், தங்கள் வியாபாரத்துக்குத் தொடர்பே இல்லாத சுவிஸ் பிராங்க், யென் ஆகிய நாணயங்களோடு பிணைந்த சிக்கலான டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களைச் செய்துகொண்டு பெரும் இழப்புக்கு ஆளாகி, நீதிமன்றம் வரை சென்றனர். இத்தகைய ஒப்பந்தங்களில் விதிமுறைகளைப் பின்பற்றவில்லை என்று 2011 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது. ஓர் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, டாலர் எந்த விலைக்குப் போனால் நமக்கு எவ்வளவு இழப்பு என்று அரை மணி நேரத்தில் எக்ஸெல்லில் போட்டுக் காட்டக்கூடிய ஒருவர் அன்று நிறுவனத்துக்குள் இருந்திருந்தால், அந்தக் கையெழுத்துகளில் பல விழுந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நீங்கள் அப்படி ஒருவராக வர வேண்டும் என்பதே என் விருப்பம்.

கணிதத்தில் சுமார் என்பது தடையில்லை. விகிதம், கூட்டு வட்டி, சிறிதளவு புள்ளியியல் ஆகியவை கைவசமிருந்தால் இளநிலை அளவில் போதும். தினம் ஒரு மணி நேரம் கணக்குப் போடும் பழக்கம்தான் தேவை.

ஏ.சி.சி.ஏ. ஆசை உறுதியானதென்றால் என் பதில் மாறும். அதில் மொத்தம் 13 தாள்கள். கணக்கியல் பட்டதாரிகளுக்கு அதிகபட்சம் 9 தாள்கள் வரை விலக்கு கிடைக்கலாம். விலக்கு பல்கலைக்கழகத்தையும் படிப்பையும் பொறுத்து மாறுவதால், ஏ.சி.சி.ஏ. தன் இணையதளத்தில் வைத்திருக்கும் விலக்குக் கணிப்பானில் உங்கள் இரண்டு படிப்புகளையும் இட்டுப் பாருங்கள். டாப்-அப் வழியாக வருபவருக்கு எத்தனை தாள் விலக்கு என்று பல்கலைக்கழகத்திடமும் எழுதிக் கேளுங்கள். கணக்கியலும் நிதியும் என்ற படிப்புக்கு இந்த விஷயத்தில் பெரும்பாலும் சாதகம் அதிகம். முதலீட்டுப் பகுப்பாய்வாளர்களுக்கான சி.எஃப்.ஏ. தேர்வின் பக்கம் மனம் சாய்ந்தால் அதில் தாள் விலக்கு என்பதே இல்லை. மூன்று நிலைகளையும் எழுதியே ஆக வேண்டும். அப்போது பன்னாட்டு நிதியியல் நல்ல அடித்தளமாக அமையும்.

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் டாக்குமென்டேஷன் பிரிவில் நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். பி.காம். முடித்திருக்கிறேன். டாப்-அப் படித்தால் பதவி உயர்வுக்கு உதவுமா?

பதில்: தங்களுக்கு அது தேவையில்லை, சகோதரி. ஏற்கெனவே இளநிலைப் பட்டம் பெற்றவர் மீண்டும் ஓர் இளநிலைப் பட்டத்துக்கு அவ்வளவு பணம் செலவிடுவதில் பொருளில்லை. வெளிநாட்டில் படிக்கும் எண்ணம் இருந்தால் நேராக முதுநிலைக்கு விண்ணப்பியுங்கள். வேலையில் இருந்தபடியே படிப்பதென்றால், எல்.சி., அதாவது சரக்கு வாங்குபவரின் வங்கி பணத்துக்குப் பொறுப்பேற்றுத் தரும் கடிதம், அதன் ஆவணங்களைச் சரிபார்க்கும் திறனுக்காக உலகெங்கும் வங்கிகள் மதிக்கும் சி.டி.சி.எஸ். தேர்வை எழுதலாம், எல்.சி.களுக்காக 2007 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள யு.சி.பி. 600 என்னும் பன்னாட்டு விதிகளைத் தாங்கள் தினமும் கையாண்டு வருவதால், புதிதாகத் தொடங்குபவரைவிடப் பாதி தூரம் முன்னால் இருக்கிறீர்கள். இந்திய வங்கியியல் நிதிக் கழகம் நடத்தும் பன்னாட்டு வங்கியியல், நிதியியல் டிப்ளமோவையும் விசாரித்துப் பாருங்கள். எதில் சேர்வதென்றாலும் அதற்கு முன், வங்கியோடு ஃபார்வர்டு கவர் பேசும் பொறுப்பில் தங்களையும் உடன் வைத்துக்கொள்ளுமாறு நிறுவன உரிமையாளரிடம் கேளுங்கள்.