வீட்டை விற்று டாக்டர் படிப்பா?

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் தேர்வு முடிவு வந்த கையோடு, சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு அப்பா அம்மா என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள். உள்ளூர் மருத்துவத்துக்கு மகளின் மதிப்பெண் எட்டாது. ஐந்தறை வீட்டை விற்று மூவறைக்குப் போனால் வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க வைக்கலாம் என்று பெரியப்பா யோசனை சொன்னாராம். பிள்ளையோ, காற்று மாசு மலைக்காட்டை என்ன செய்கிறது என்று ஆராயணும் என்கிறாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கவலைப்படாதீங்கம்மா என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் ஆறுதல் வரவில்லை.

வீட்டை விற்காதீர்கள். வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்குப் பல லட்சம் வெள்ளி ஆகும், அதற்கு மத்திய சேம நிதியையும் (சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) தொட முடியாது. இங்கே ஏற்கப்படும் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளை 2020-ல் 160-இலிருந்து 103-ஆகக் குறைத்தார்கள், பிறகு சில சேர்ந்தன. நீங்கள் பார்த்த கல்லூரி அதில் உண்டா? அதைவிட, பிள்ளைக்கு ஆசை இல்லை. கடன் கட்டப் பெரியப்பா வரமாட்டார்.

அவள் சொல்வது கனவு இல்லை, வேலை. காற்று மாசு கலந்து மலைமுகட்டை நனைக்கும் மேகநீர் பெரும்பாலும் மழையைவிட அமிலம் கூடியது. அந்த அமிலம் மண்ணின் கால்சியத்தை அரித்துக்கொண்டு போகும், வேரைக் கெடுக்கும் அலுமினியத்தை வெளியே விடும். அமெரிக்காவின் வடகிழக்கு மலைகளில் சிவப்பு ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் இப்படித்தான் குளிர் தாங்கும் சக்தியை இழந்து, குளிர்காலத்தில் ஊசியிலை பழுப்பேறி நின்றன. நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பார்ட் புரூக் ஆய்வுக் காட்டில் 1999-ல் ஹெலிகாப்டரிலிருந்து கால்சியம் தாதுவைக் காட்டின் மேல் தூவிப் பார்த்தார்கள், மரங்கள் தேறின! களத்தில் செய்வதோ எளிமையானது: மரத்தடியில் ஒரு புனலும் பாட்டிலும், வெட்டவெளியில் இன்னொன்று. இரண்டு நீரிலும் சல்பேட், நைட்ரேட் எவ்வளவு என்று ஒப்பிட்டால் இலைகள் காற்றிலிருந்து எதைப் பிடித்தன என்பது ஓரளவு பிடிபடும்.

சிங்கப்பூரில் மலை ஏது என்று அப்பா கேட்டார். சரிதான், புக்கிட் தீமா 163 மீட்டர். ஆனால் 4,095 மீட்டர் கினபாலு பக்கத்து நாட்டில் இருக்கிறது, புகைமூட்டம் நம் ஜன்னலுக்கே வருகிறது.

இங்கேயுள்ள என்யூஎஸ், என்டியூ பல்கலைக்கழகங்களில் வேதியியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ எடுக்கட்டும், கூடவே புள்ளியியல். நீரையும் காற்றையும் சோதிக்கத் தெரிந்தவருக்குச் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்களிலும் ஆய்வகங்களிலும் இடம் உண்டு. டாக்டர் சம்பளம் வராது, ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் பிஎச்டி என்றால், கட்டணத்தையும் மாதப்படியையும் பல்கலைக்கழகமே தந்தால் மட்டும் சேரட்டும், சொந்தக் காசில் வேண்டவே வேண்டாம்.

பல்கலைக்கழக விண்ணப்பம் வழக்கமாக மார்ச்சில் மூடிவிடும். முதல் விருப்பத்தை அவளே நிரப்பட்டும்.